லாந்தர் தீவுக்கு ஒரு லீவு லெட்டர்

2009 ஜனவரி 11, ஞாயிறு

மகள் சுகந்தினியைப் பண்டாரவளை ஹொஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். புலமைப்பரிசில் சோதனை பாஸ் பண்ணுகிற பிள்ளையைப் பெற்றால் கிடைக்கிற பரிசு, அந்தப் பிள்ளை வீட்டில் இல்லாமல் போவதுதான் போலிருக்கிறது. என் மனைவி குமாரி பஸ்ஸில் பெல்மதுளை வரை அழுதுகொண்டே வந்தாள். நான் அழவில்லை. ஜன்னலோரம் இருந்தேன், தூசி.

ஹொஸ்டல் கேட்டடியில் மகள் கடைசியாகச் சொன்னது அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அல்ல. கொப்பித் தாளில் கிழித்த ஒரு துண்டை என் சட்டைப் பையில் வைத்து, "அப்பா, ஞாயித்துக்கெழமைக்கு ஒரு தடவ போயி வெளக்கு மட்டும் ஏத்திருங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றாள்.

இது கோயில் விளக்கு அல்ல. றக்வான பஜாரில் புவாட் நானாவின் கொமியுனிகேஷன் கடையில் மூன்று கொம்பியூட்டர் இருக்கிறது. அதற்குள்ளே லாந்தர் தீவு என்று ஒரு விளையாட்டு. வெளிநாட்டுக்காரன் செய்தது, உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் விளையாடுவார்கள். ஆளுக்கு ஒரு படகு, தண்ணீரில் மிதக்கிற ஒரு வீடு. தீவு தீவாகப் போய்ப் புதிர் அவிழ்க்க வேண்டும். வீட்டு வாசலில் ஒரு லாந்தர். முப்பது நாள் ஏற்றாவிட்டால் வீடு பாசி பிடித்துப் படகு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடும்.

எல்லார் வீட்டிலும் மஞ்சள் லாந்தர். சுகந்தியின் வீட்டில் நீலம். 2006இல் விளையாட்டு திறந்த முதல் கிழமைக்குள் வந்த பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தது, பிறகு யாருக்கும் கிடையாது. றக்வானயில் நீல லாந்தர் இரண்டே பேருக்கு: இவளுக்கும், புவாட் நானாவின் மகள் ரஹ்மாவுக்கும். ஹொஸ்டலில் கொம்பியூட்டர் இருக்கிறதாம், இன்டர்நெட் இல்லையாம்.

"ரஹ்மாகிட்டயே சொல்லிட்டுப் போகலாமே" என்றேன்.

"அவ என் வீட்டுச் சாமானயெல்லாம் எடம் மாத்தி வெச்சிருவா. நீங்கன்னா ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

இதைவிடப் பெரிய நம்பிக்கையை யாரும் என் மேல் வைத்ததில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

முதல் விளக்கு ஏற்றினேன். இரண்டு தரம் ஓங்கி அமுக்கினேன். புவாட் நானா பின்னால் நின்று, "மெல்ல அமுக்குங்க கணக்குப்பிள்ள, அது கவ்வாத்துக் கத்தி இல்ல" என்றார். இருபது வருஷம் தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோல் எழுதுகிற கை. மவுஸ் என்கிற அந்தச் சாமானுக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

நீலம் எரிந்தது. உண்மையிலேயே அழகுதான். நான்கு மணிக்கு அங்கிருந்தே ஹொஸ்டலுக்குக் கோல் எடுத்தேன்.

"எரியுதாப்பா?"

"எரியுது புள்ள."

"வேற எதையும் தொடலயே?"

"தொடல."

இன்றைக்கு அது உண்மை.

பெப்ரவரி 1, ஞாயிறு

தொட்டுவிட்டேன். ஏதோ ஒரு பிள்ளை படகைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "உன் லாந்தர் அழகாக இருக்கிறது" என்றது. அந்த விளையாட்டில் சொந்தமாக எழுதிப் பேச முடியாது. அவர்களே எழுதி வைத்த நாற்பது வாக்கியங்களில் ஒன்றைத் தொட வேண்டும். வந்த பிள்ளையிடம் பேசாமல் இருப்பது எப்படி? "நன்றி, உள்ளே வா" என்பதைத் தொட்டேன். அது வந்து கதிரையில் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன். பிறகு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "இன்று காற்று நன்றாக வீசுகிறது" என்றேன். "ஆம்" என்றது.

நாற்பது வாக்கியத்தில் குடும்பமே நடத்தலாம். எங்கள் வீட்டில் அதைவிடக் குறைவு.

பெப்ரவரி 8, ஞாயிறு

ரஹ்மா ஒரு பக்கம் காட்டினாள். லாந்தர் தீவில் சின்ன வயதிலிருந்து விளையாடியவர்கள் தாங்களே நடத்துகிற செய்திப் பக்கம், பெயர் 'பழைய மாலுமிகள்'. எந்தத் தீவில் என்ன புதிது, யாருடைய வீடு எப்படி இருக்கிறது, எல்லாம் எழுதுகிறார்கள். அதைவிட அதிகம் பழையதை எழுதுகிறார்கள். முதல் வருஷம் தோணிக்காரனுக்குப் பச்சைத் தொப்பி இருந்ததாம், கம்பனி அதைப் பழுப்பாக மாற்றிவிட்டதாம், அதற்கு இருநூறு பேர் ஒப்பாரி. மூன்று வருஷத்துக்கு முந்தியதெல்லாம் இவர்களுக்குப் பழங்காலம். எங்கள் தோட்டத்தில் பங்களாவையே இடித்தார்கள், ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை.

சிரித்துக்கொண்டே கீழே படித்தேன். அங்கே விதி போட்டிருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை. பிள்ளையின் பெயரில் வேறு ஆள், முக்கியமாகப் பெரியவர்கள், உள்ளே வரக் கூடாது.

ஓ.எல். சோதனையில் இங்கிலீசுக்கு 'எஸ்' என்கிற கடைசிப் பாஸ் எடுத்தவன் நான். ஆனாலும் இந்த வரி நன்றாக விளங்கியது.

பெப்ரவரி 10

ராத்தூக்கம் கெட்டது. காரணம் ஜெயம்மா.

1999இல் ஜெயம்மாவின் பிள்ளைக்குக் காய்ச்சல். கொழுந்தெடுக்க மலைக்கு வரவில்லை. அந்த மாதம் ஒரு நாள் குறைந்தாலும் அவளுக்கு நஷ்டம். பாவம் என்று செக்ரோலில் பேர் போட்டுவிட்டேன். வராத ஆளுக்குப் பேர். தோட்டத்துத் துரை எப்படியோ கண்டுபிடித்தார். இரண்டு கிழமை என்னை வேலையிலிருந்து நிற்பாட்டி, கூப்பிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "எழுதிக் கேட்டிருந்தால் நானே போட்டிருப்பேன்."

அன்றிலிருந்து எதற்கும் எழுதிக் கேட்கிறவன் ஆனேன். கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட லெட்டர். லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரத்துக்கு லெட்டர். அண்ணன் செத்த வீட்டுக்குப் போகக்கூட லெட்டர் கொடுத்துவிட்டுத்தான் அழுதேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வராத ஆளுக்குப் பேர் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

லாந்தர் தீவுக் கம்பனிக்கு லெட்டர் எழுதினேன். கையால் எழுதிக்கொண்டு போனேன், புவாட் நானா தட்டி அனுப்பினார். இங்கிலீசில் எழுதியதன் சாரம்:

மதிப்புக்குரிய ஐயா, எனது மகள் படிப்பின் நிமித்தம் விடுதியில் தங்கியிருப்பதால் தங்களது தீவுக்குச் சமுகமளிக்க முடியாதிருக்கிறாள் என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன். அவளுக்குப் பதிலாக அவளது தகப்பனாகிய நான் ஞாயிறு தோறும் விளக்கு ஏற்றி வருகிறேன். ஏப்ரல் விடுமுறை வரை இதற்கு அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிவுள்ள.

"கணக்குப்பிள்ள, இத அனுப்பத்தான் வேணுமா? நீங்க சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?" என்றார் புவாட் நானா.

"சொல்லாம செஞ்சா களவு நானா. சொல்லிட்டு செஞ்சா லீவு."

வாக்கியம் நன்றாக விழுந்தது என்று பஸ்ஸில் முழுக்க எனக்கு நானே சந்தோஷப்பட்டுக்கொண்டேன். எழுதி வைக்கிறேன், பிறகு தலையில் அடித்துக்கொள்ள உதவும்.

பெப்ரவரி 22, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. எங்கள் துரைமார் எவரும் இவ்வளவு வேகமாகப் பதில் போட்டதில்லை.

நான்கு வரி. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, பெரியவர் பாவித்த வீடு மூடப்படும். மூடிய வீடு மறுபடி திறக்கப்படாது. தாங்கள் விளங்கிக்கொள்வீர்கள் என்று நம்புகிறோம்.

விளங்கவில்லை. விளங்கவேயில்லை. நா என்ன களவா செஞ்சேன் — கேட்டுத்தானே எழுதினேன்? கேட்டவன் பேர வெட்டுறதா?

கொப்பித் துண்டில் இருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும். நீலம் இல்லை. மூன்று வருஷம் அந்தப் பிள்ளை சனிக்கிழமை சனிக்கிழமையாக வந்து கட்டியது.

"இது பிள்ளையள்ட பாதுகாப்புக்குத்தானே, அவங்க செஞ்சது சரிதான்" என்றார் புவாட் நானா. சரிதான். எவனோ ஒரு நாற்பத்து மூன்று வயசு மனுஷன் பெண்பிள்ளையின் பெயரில் வந்து "உள்ளே வா" என்று சொன்னால் நானே சும்மா விடமாட்டேன். அந்த மனுஷன் நான்.

நான்கு மணி.

"வெளக்கு எரியுதாப்பா?"

"எரியுது புள்ள."

மார்ச் 8, ஞாயிறு

ஒரு யோசனை. ஏப்ரலுக்குள் அதே மாதிரி இன்னொரு வீடு கட்டிவிட்டால்? என் பெயரிலேயே பதிந்தேன், வயதும் உள்ளபடி போட்டேன். பெரியவர்கள் தங்கள் பெயரில் வரலாமாம், பிள்ளைகளின் வீட்டுக்குள் மட்டும் நுழைய முடியாதாம். வீட்டைக் கட்டிவிட்டு, இதுதான் உன்னுடையது என்று காட்டலாம்.

முதல் தீவின் புதிர்: மூன்று ஆடு, ஒரு தோணி. இரண்டு மணித்தியாலம். ஆடு ஜெயித்தது.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றும் போனேன், இன்றும் போனேன். குமாரி வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொன்னாள். ஊதினேன். புவாட் நானா கடை இஞ்சித் தேத்தண்ணி வாசம்தான்.

"குடிக்கலன்னா அப்பறம் எதுக்கு மூஞ்சி இப்படி இருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "ஏங்க, அந்தப் புள்ள ஒங்கள வேற எதையும் தொடாதீங்கன்னுதானே சொல்லுச்சு?" என்றாள். அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

மூன்றாம் தீவு. ரஹ்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறாள். "அங்கிள், மஞ்சள் லாந்தர நீலமாக்க ஏலாது. அது ஒருக்காதான் குடுத்த" என்றாள். தெரியும் என்றேன். தெரிந்துகொண்டேதான் கட்டுகிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

புதன்கிழமை பிள்ளை வருகிறாள். புவாட் நானாவிடம், லைன் அறுந்து போச்சு என்று ஒரு பொய் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"நான் சொல்லுவன். ரஹ்மாவச் சொல்லவைக்கிற எப்படி?"

ரஹ்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது.

ஏப்ரல் 9

நேற்று அந்திக்குப் பெய்த மழையில் றக்வானயில் இடி விழுந்து டெலிபோன் லைன் பூராவும் எரிந்துவிட்டது. பொய் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. சாமிக்கு நன்றி சொல்லக் கையைத் தூக்கினேன். எதற்கு நன்றி சொல்கிறேன் என்று நினைத்ததும் கை இறங்கிவிட்டது.

பிள்ளை மெலிந்திருக்கிறாள். உயரமும் கூடி இருக்கிறாள்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. லயத்துப் பிள்ளைகளோடு கயிறிழுக்கப் போனாள். நான் விபூதி பூசிவிடும்போது, "தீவுலயும் இப்ப வருஷத் திருவிழா நடக்கும். லைன் வந்துருமாப்பா?" என்றாள். வரும் வரும் என்றேன்.

ஏப்ரல் 18, சனி

வந்துவிட்டது.

நான் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அவள் கதிரையில் ஏறி உட்கார்ந்து, பெயரையும் பாஸ்வேர்டையும் பார்க்காமலே அடித்தாள். திரையில் வந்த வரியை வாய்விட்டு வாசித்தாள்: "இந்த வீடு விதி மீறலுக்காக மூடப்பட்டது."

பிறகு இன்னொரு தரம் அடித்தாள். இன்னொரு தரம்.

அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நா என்ன தப்பு செஞ்சேன்ப்பா?" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டியது அந்த நேரத்தில். அவளே யோசித்து யோசித்துச் சொன்னாள்: "போன வருஷம் ரஹ்மாவோட படகுல ரெண்டு பேரா ஏறினோம், அது கூடாதுன்னு போட்டிருந்துச்சு. அதுவா இருக்குமோ? இல்லாட்டி அந்த மீன்காரிகிட்ட ரெண்டு தடவ பரிசு வாங்கினேனே — அதுவா?"

ரஹ்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"நா ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதட்டுமாப்பா? நீங்க எழுதுவீங்கல்ல, அது மாதிரி?"

எழுதினாள். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி, செய்ததாக அவள் நினைத்த எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். நடுவில் 'மன்னிப்பு' என்பதற்கு இங்கிலீஷ் ஸ்பெலிங் கேட்டாள்.

சொல்லிக் கொடுத்தேன்.

புவாட் நானா அதைத் தட்டும்போது என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஹொஸ்டலுக்குப் போய்விட்டாள். லெட்டருக்குப் பதில் வந்ததா என்று போனில் கேட்டாள். வரவில்லை. உண்மையை மட்டுமே சொன்ன ஒரு நாள்.

மே 10, ஞாயிறு

பதில் வந்ததா என்று கேட்டாள். வரவில்லை.

மே 17, ஞாயிறு

இன்றைக்கு அதைக் கேட்கவில்லை. விட்டுவிட்டாள் போல. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மே 19

யுத்தம் முடிந்துவிட்டதாம். பஜாரில் பட்டாசு. எங்கள் பக்கம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். பக்கத்துச் சிங்கள முதலாளி வீட்டிலிருந்து கிரிபத், அந்தப் பால்சோறு, கொடுத்துவிட்டார்கள். நல்ல மனுஷர். சாப்பிட்டோம்.

மே 24, ஞாயிறு

பழைய மாலுமிகள் பக்கத்தில் பெரிய எழுத்தில் செய்தி. லாந்தர் தீவை ஜூன் 30ஆம் திகதியோடு மூடுகிறார்கள். எல்லா வீடும், எல்லாத் தீவும். விளையாட வருகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம்.

கீழே பக்கம் பக்கமாக அழுகை. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தோணிக்காரனின் பச்சைத் தொப்பி பற்றி ஒருத்தர் மறுபடி எழுதியிருந்தார், அதைக்கூட முழுக்க வாசித்தேன்.

கடைசி நாளில் நீல லாந்தர்காரர்கள் எல்லாரும் முதல் துறைமுகத்தில், 2006இல் வந்த வரிசையிலேயே வீடுகளை நிறுத்தி, ஒரே நேரத்தில் விளக்கு ஏற்றப் போகிறார்களாம். அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார்களாம். பெயர்ப் பட்டியலும் போட்டிருந்தார்கள்.

"என்ட பேர் நானூத்திப் பதினொண்ணு" என்றாள் ரஹ்மா. "நானூத்திப் பன்ரெண்டு சுகந்தி. இப்ப அந்த எடத்தில வேற ஆள்ட பேர் ஈக்குது அங்கிள்."

பார்த்தேன். வெட்டிய பேரை மூடி அடுத்த பேரை மேலே ஏற்றியிருந்தார்கள். நானும் செக்ரோலில் அப்படித்தான் செய்வேன்.

மே 31, ஞாயிறு

பழைய மாலுமிகளுக்கு எழுதினேன். இந்த முறை 'மதிப்புக்குரிய ஐயா' இல்லை. யார் அங்கே ஐயா, யார் அம்மா என்றே தெரியாது. ஜெயம்மாவில் தொடங்கி ஸ்பெலிங் வரை எல்லாம் எழுதினேன். பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை, பேரைத் திரும்பப் போட முடியாவிட்டாலும் அவள் களவு செய்யவில்லை என்று எங்கேயாவது ஒரு மூலையில் எழுதிவிடுங்கள் என்று கேட்டேன்.

கண் காணாத ஆட்களிடம் உண்மை சொல்வது எவ்வளவு லேசு. பண்டாரவளைக்கு ஐந்து மணித்தியாலம். அந்தத் தூரம்தான் கஷ்டம்.

ஜூன் 7, ஞாயிறு

என் லெட்டரை அப்படியே தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். என்னுடைய எழுத்துப் பிழைகளோடு. கீழே நூற்றுச் சொச்சம் பேர் எழுதியிருக்கிறார்கள். சிலர் சிரித்திருக்கிறார்கள், அது நியாயம். ஒருத்தர், "விளக்கேற்ற லீவு கேட்ட ஒரே மனிதர்" என்று எழுதியிருந்தார். இன்னொருத்தர், "மகளிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

ரஹ்மாவும் அதையே கேட்டாள். "வார கிழம நான் சுகந்திக்குக் கோல் எடுக்கிற. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

பன்னிரண்டு வயது. துரையைவிடப் பயமாக இருக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

பெற்றோர் பார்க்கிற நாள். தனியாகப் போனேன். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி ஐடென்டி கார்ட் காட்டினேன். எதற்குப் பண்டாரவளைக்குப் போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான் ஆமிக்காரன். "மகளப் பாக்க" என்றேன். முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, போ போ என்றான்.

தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். குமாரி சுட்டுக்கொடுத்த முறுக்கை அவள் பிரித்துத் தின்னத் தொடங்கியிருந்தாள்.

"தீவு வீட்ட மூடினது ஒன்னால இல்ல புள்ள. என்னால."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"லெட்டர் எழுதினேன்."

"எதுக்கு?"

"வெளக்கேத்த பெர்மிஷன் கேட்டு."

முறுக்கு கையிலேயே நின்றது. "அப்ப நா ஒண்ணுமே செய்யலயா?"

"ஒண்ணுமே செய்யல."

முகம் ஒரு நிமிஷம் அப்படியே இளகிற்று. எட்டுக் கிழமையாக அந்தப் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு திரிந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். தீவு மூடப்போவதையும் சொன்னேன். அதைக் கேட்டாளோ என்னவோ. முறுக்கைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அந்த மன்னிப்பு லெட்டருக்கு நீங்கதானே எனக்கு ஸ்பெலிங் சொல்லிக் குடுத்தீங்க."

அதற்கு ஒரு வாக்கியம் தீவின் நாற்பதிலும் இல்லை.

முறுக்குப் பையைக் கட்டித் திருப்பித் தரவில்லை, எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். மற்றபடி திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

போனில் அம்மாவோடு பேசினாள். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

அரை நாள் லீவு எடுத்தேன். லெட்டர் கொடுத்துத்தான். காரணம் என்ற இடத்தில் 'மகளின் அலுவல்' என்று எழுதினேன். துரை கேட்கவில்லை.

மூன்றரைக்கு விளக்கு. மூன்று மணிக்கே போய்விட்டேன். நான் மஞ்சள்காரன், துறைமுகத்தின் பின்வரிசையில் நிற்க வேண்டும். தீவில் எனக்குக் கிடைத்த ஒரே தொப்பி வாத்துத் தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கொம்பியூட்டரில் ரஹ்மா. அவளுடைய நீல வீடு வரிசையில் நானூற்றுப் பதினோராவது. அதற்கடுத்து ஒரு வீடு அளவுக்குத் தண்ணீர். பழைய மாலுமிகள் அப்படித்தான் நிற்கச் சொல்லி இரண்டு நாளைக்கு முன்பே எழுதியிருந்தார்களாம், ரஹ்மா எனக்குச் சொல்லவில்லை.

மூன்று இருபதுக்கு எங்கிருந்தோ ஒரு வீடு மிதந்து வந்து அந்த இடைவெளியில் நுழையப் பார்த்தது. ரஹ்மா உடனே ஒரு வாக்கியத்தைத் தொட்டாள்: "இந்த இடத்தில் ஆள் இருக்கிறது."

அந்தப் பக்கத்து வீடும் அதையே சொன்னது. அதற்கடுத்த வீடும். பிறகு வரிசை முழுக்க, யார் யாரோ, எந்தெந்த ஊரோ: இந்த இடத்தில் ஆள் இருக்கிறது. இந்த இடத்தில் ஆள் இருக்கிறது. வந்த வீடு விலகிப் போயிற்று.

நானும் பின்வரிசையிலிருந்து அதைத் தொட்டேன். வராத ஆளுக்குப் பேர் போட்டவன் நான். இத்தனை பேர் போடுவார்கள் என்று நினைக்கவில்லை.

மூன்றரை. நீலம் எல்லாம் ஒன்றாக ஏறிற்று. இடைவெளி மட்டும் இருட்டு. பதினைந்து நிமிஷம் அப்படியே எரிந்தது. பிறகு திரை வெள்ளையாகி, இதுவரை எங்களோடு பயணித்ததற்கு நன்றி என்று ஒரு வரி.

ரஹ்மா மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். புவாட் நானா இஞ்சித் தேத்தண்ணியை அவளுக்கும் எனக்கும் வைத்துவிட்டு, போய்க் கண்ணாடி அலமாரியைத் துடைத்தார்.

ஜூலை 5, ஞாயிறு

பழைய மாலுமிகள் பக்கத்தில் படம் போட்டுவிட்டார்கள். பிரிண்டரில் கலர் மை தீர்ந்துவிட்டது. கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தேன். பண்டாரவளைக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். கவருக்குள் போட்டு விலாசமும் எழுதிவிட்டேன். பிறகு வேண்டாம் என்று இந்த டயரிக்குள் வைத்தேன். போன தடவை லெட்டர் அனுப்பி நான் கண்டது போதும்.

ஜூலை 19, ஞாயிறு

"நல்லா இருக்கீங்களாப்பா?" "நல்லா இருக்கேன் புள்ள." "அம்மாகிட்ட குடுங்க."

இதுவே பெரிசு.

ஓகஸ்ட் 2, ஞாயிறு

லீவுக்கு வந்திருக்கிறாள். பேசுகிறாள், ஆனால் தீவைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் தொடவில்லை. தொடாதே என்று சொன்னால் தொடாமலிருக்க நான் இப்போதுதான் பழகுகிறேன்.

ஓகஸ்ட் 16, ஞாயிறு

குளித்துவிட்டு வாசலில் தலை காய வைத்துக்கொண்டிருந்தாள். நான் சப்பாத்துக்கு மண் தட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "கடைசி நாள் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"ரஹ்மா சொல்லலயா?"

"அவ சொன்னா. நீங்க சொல்லுங்க. மொதல்லருந்து."

மூன்று ஆட்டிலிருந்து தொடங்கினேன். ஆட்டை எப்படிக் கடத்துவதென்று நான் சொன்ன முறை பிழை என்றாள், இரண்டாவது ஆட்டை முதலில் கொண்டுபோக வேண்டுமாம். இடைவெளிக் கதையைச் சொன்னபோது தலை துவட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டாள். டயரிக்குள்ளிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். நிறைய நேரம் பார்த்தாள். விரலை வரிசையோடு ஓட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள். அந்த இடத்தைத் தடவவில்லை, ஒன்றும் செய்யவில்லை. விரல் அங்கேயே இருந்தது.

"இதுல நீங்க எங்க நிக்கிறீங்க?"

பின்வரிசையில் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள். "இந்த வாத்துத் தொப்பியவா போட்டீங்க? அஞ்சு வயசுப் புள்ளைங்க போடுறது அது."

"எனக்கு அதுதான் கெடச்சிச்சு."

"ஐயோ அப்பா. அத்தன பேர் முன்னுக்கா?"

உள்ளேயிருந்து குமாரி, "அங்க என்ன சிரிப்பு?" என்று கேட்டாள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். படத்தை டிரங்குப் பெட்டிக்குள், உடுப்புகளுக்கு அடியில் வைத்திருந்தாள், குமாரி பார்த்திருக்கிறாள்.

பஸ் புறப்படுகிற நேரம் ஜன்னலால் தலையை நீட்டி, "அப்பா, இனி யாருக்காவது லெட்டர் எழுதுறதுன்னா எங்கிட்ட காட்டிட்டு எழுதுங்க" என்றாள்.

"காட்டுறேன்" என்றேன்.

இந்த டயரியையும் காட்ட வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆம் என்றுதான் சொல்லியிருப்பாள். டயரியை மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.